தாடை எலும்புக் குறைபாடுகளும் எலும்பு மாற்றுப் பொருள்களும்: செயற்பாடு, தேவை, தமிழில் பெயரிடல்

ஆய்வுச்சுருக்கம்

வாய் அறுவைக்குப் பின் தாடையில் உண்டாகும் எலும்புக் குழிகளை நிரப்பப் பயன்படும் மாற்றுப் பொருள்கள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புதிய எலும்பை உருவாக்குவது குழிக்குள் இடப்படும் பொருளன்று. குழியைச் சூழ்ந்துள்ள உயிருள்ள எலும்புச் சுவரும் அதன் இரத்த ஓட்டமுமே ஆகும். இக்கருத்தின் அடிப்படையில், எவ்வகைக் குறைபாட்டுக்கு எப்பொருள் பொருந்தும், எதற்குப் பொருளே தேவையில்லை என்பன ஆராயப்படுகின்றன. ‘எலும்பு ஒட்டு’, ‘செயற்கை எலும்பு’ முதலிய தமிழ்ச் சொற்கள் நோயாளியின் ஒப்புதலில் ஏற்படுத்தும் மயக்கமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாடை எலும்பு, நீர்க்கட்டி, பற்குழி, எலும்பு மாற்றுப் பொருள், ஹைட்ராக்சிஅபடைட், ஒப்புதல், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கீழ்த்தாடையில் வளர்ந்திருந்த நீர்க்கட்டி ஒன்று அறுவையால் அகற்றப்படுகிறது. கட்டி இருந்த இடம் வெற்றுக் குழியாகிறது. எக்ஸ்ரே படத்தில் அது கருநிழலாகத் தெரிகிறது. அக்குழியில் அரை கிராம் அல்லது ஒரு கிராம் வெண்மணித் துகள்களை இட்டுத் தைத்துவிட்டால், மறுநாள் எடுக்கும் படத்தில் கருநிழல் மறைந்து வெண்மை தோன்றுகிறது. நோயாளிக்கு இது எலும்பு வளர்ந்துவிட்டதாகவே படும். உண்மையில் அந்த வெண்மை, துகள்களில் உள்ள கால்சியத்தின் நிழலேயாகும். அன்றைய நிலையில் அக்குழியில் ஓர் எலும்புச் செல்கூடப் புதிதாகத் தோன்றியிருக்காது.

படத்தில் தெரியும் வெண்மைக்கும் உயிருள்ள எலும்புக்கும் இடையிலான இவ்வேறுபாடே மாற்றுப் பொருள்கள் பற்றிய விளக்கத்தின் தொடக்கப்புள்ளி. அதை மறந்தால் பொருளின் பெயர், விலை, புதுமை ஆகியவை முன்னுக்கு வந்து, குழியின் இயல்பு பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

குழி ஆறும் முறை

தோல் காயம் பெரும்பாலும் தழும்பாக ஆறும். எலும்போ மீண்டும் எலும்பாகவே ஆறும் திறனுடையது. பல் பிடுங்கப்பட்ட குழியில் முதலில் இரத்தம் நிரம்பி உறைகிறது. சில நாள்களில் அவ்வுறைவுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஊடுருவுகின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் எலும்பாக்கச் செல்கள் குழியின் அடியிலிருந்தும் சுவர்களிலிருந்தும் நடுவை நோக்கி இழையெலும்பைப் படைக்கின்றன. சில மாதங்களில் அது அடுக்கெலும்பாக முதிர்கிறது. இவ்வளவும் வெளியிலிருந்து ஒரு துகளும் இடப்படாமலே நிகழ்வதாகும்.

ஆயினும் குழி நிரம்புவதும் தாடையின் வடிவம் காக்கப்படுவதும் ஒன்றல்ல. பல் போனபின் அதைத் தாங்கியிருந்த மெல்லிய வெளிச்சுவர் கரைந்து, தாடை மேடு உள்நோக்கிச் சுருங்குகிறது. 2003ஆம் ஆண்டில் ஷ்ராப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப் பகுதியில் ஒரு பல் பிடுங்கப்பட்ட இடத்தின் அகலம் 12 மாதங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்தது. குழி உள்ளே எலும்பால் நிரம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் வெளிச்சுவர் கரைந்துகொண்டிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

குழி தானே ஆறுமா என்பதைச் சுவர்களின் எண்ணிக்கையே பெரிதும் முடிவு செய்கிறது. நாற்புறமும் அடியும் எலும்பாக உள்ள குழி, கிணறு போன்றது. எப்பக்கத்திலிருந்தும் செல்கள் வரலாம், இரத்த உறைவும் இடம்பெயராது. ஒரு பக்கச் சுவர் மட்டுமே எஞ்சிய குறைபாடு, கரை உடைந்த ஏரி போன்றது. உறைவு அங்கு நிலைகொள்ளாது. மேலும் ஈறின் மென்திசு எலும்பைவிட விரைந்து வளரும். வாய்ப்புக் கிடைத்தால் எலும்புக்குரிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். 1988இல் டாலின் குழுவினர் எலியின் தாடையில் செய்த சோதனை இதைத் தெளிவாக்கியது. தாடையில் இட்ட துளையை மென்திசு நுழையாதவாறு சவ்வால் மூடியபோது எலும்பு நிரம்பியது. சவ்வு இல்லாத பக்கத்தில் அவ்வாறு நிரம்பவில்லை. அச்சவ்வு எலும்பு எதையும் தரவில்லை, இடத்தை மட்டுமே காத்துக் கொடுத்தது. மாற்றுப் பொருள்கள் பலவற்றின் பணியும் இத்தகையதே.

தன்னெலும்பு தருவன

எல்லா மாற்றுப் பொருள்களும் நோயாளியின் சொந்த எலும்போடு ஒப்பிட்டே மதிக்கப்படுகின்றன. தாடையின் முகவாய்ப் பகுதி, கீழ்த்தாடையின் பின்கிளை, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஆகியவை தன்னெலும்பு எடுக்கும் வழக்கமான இடங்கள். அவ்வெலும்பு மூன்று பணிகளைச் செய்கிறது. அதிலுள்ள உயிருள்ள செல்கள் தாமே எலும்பை ஆக்குகின்றன. அதில் அடங்கிய புரதங்கள் சுற்றியுள்ள முதிராச் செல்களை எலும்பாக்கச் செல்களாக மாறத் தூண்டுகின்றன. அதன் கட்டமைப்பு, புதிய எலும்பு ஊர்ந்து வளர வழிகாட்டுகிறது. இவற்றை முறையே எலும்பாக்கம், எலும்புத் தூண்டல், எலும்பு வழிநடத்தல் எனலாம்.

இவற்றுள் தூண்டல் என்னும் பண்பைத் தெளிவுபடுத்தியவர் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். தாதுக்கள் நீக்கப்பட்ட எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, எலும்புக்குச் சற்றும் இடமில்லாத அத்தசையில் எலும்பு தோன்றியதை அவர் 1965இல் வெளியிட்டார். இதற்குக் காரணமான புரதங்கள் பின்னர் எலும்பு உருவாக்கப் புரதங்கள் எனப் பெயர்பெற்றன.

தன்னெலும்பின் குறை வேறொன்று. அதை எடுக்க இன்னோர் இடத்தைக் காயப்படுத்த வேண்டும். முகவாயில் எடுத்தால் கீழ் முன்பற்கள் மரத்துப்போகக்கூடும். இடுப்பில் எடுத்தால் நடக்கும்போது பல நாள் வலி நீடிக்கும். வாய்க்குள் கிடைக்கும் அளவும் குறைவு. ஒரு நெல்லிக்காய் அளவுக் குழிக்காக இடுப்பைக் கீறுவது பொருத்தமா என்னும் தயக்கமே மாற்றுப் பொருள்களின் தேடலுக்கு உந்துதலாயிற்று.

மாற்றுப் பொருள்களின் வகையும் வேகமும்

இத்தேடல் பழமையானது. நாயின் மண்டையோட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டு படைவீரர் ஒருவரின் மண்டையோடு சீராக்கப்பட்டதை டச்சு அறுவை மருத்துவர் யோப் வான் மீகெரனின் நூல் 1668இல் பதிவுசெய்தது. 1892இல் ஜெர்மானியரான டிரீஸ்மன் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தால் நிரப்பினார். அச்சாந்து, அதாவது கால்சியம் சல்பேட், இன்றும் பயன்பாட்டில் உள்ளது. சில வாரங்களிலேயே கரைந்துவிடுவது அதன் நன்மையும் குறையுமாகும்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். எஞ்சியவற்றில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் நீரும். அத்தாதுவுக்கு நெருங்கிய வேதியமைப்புக் கொண்டது ஹைட்ராக்சிஅபடைட். அதில் கால்சியம், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் 1.67. அதன் உறவுப் பொருளான டிரைகால்சியம் பாஸ்பேட்டில் இவ்விகிதம் 1.5. சிறு எண் வேறுபாடாகத் தோன்றினும் உடலுக்குள் இவற்றின் போக்கு முற்றிலும் வேறானது. உயர் வெப்பத்தில் சுட்டு இறுகச் செய்த ஹைட்ராக்சிஅபடைட் பல்லாண்டுகள் கரையாமல் இருக்கும். டிரைகால்சியம் பாஸ்பேட் மாதக் கணக்கில் கரைந்து எலும்புக்கு இடம்விடும். இரண்டையும் கலந்து செய்யும் இருநிலைத் துகள்கள் இவ்வேகத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சியே. துகளின் நுண்துளைகளும் வேதியமைப்பளவு இன்றியமையாதவை. 100 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அகலமும் ஒன்றோடொன்று தொடர்பும் உடைய துளைகள் இருந்தால்தான் இரத்தக் குழாய்களும் அவற்றைப் பின்தொடரும் எலும்பும் உட்புக இயலும். துளை மூடிய துகள், எலும்புக்கு நடுவே கிடக்கும் கூழாங்கல்லே.

இவை ஆய்வகத்தில் செய்யப்படுவன. விலங்கெலும்பிலிருந்து பெறப்படும் பொருள்களில் மாட்டெலும்புத் துகள்கள் உலகளவில் மிகுதியாகப் பயன்படுகின்றன. வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் கொழுப்பு, புரதம் அனைத்தும் அகற்றப்பட்டுத் தாதுக்கூடு மட்டும் எஞ்சுமாறு இவை பதப்படுத்தப்படுகின்றன. இயற்கையான நுண்துளை அமைப்பு அப்படியே நிலைப்பதே இவற்றின் சிறப்பு. ஆனால் இவை மிக மெதுவாகவே கரைகின்றன. பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த திசு மாதிரிகளிலும் புதிய எலும்புக்கு நடுவே அத்துகள்கள் அப்படியே காணப்பட்டுள்ளன. கொடையாளரின் மனித எலும்பு மற்றொரு மூலம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி இத்தகைய திசுக்களைப் பதப்படுத்திக் காமா கதிரால் நுண்ணுயிர் நீக்கி வழங்குகிறது. தாது நீக்கிய மனித எலும்பில் தூண்டும் புரதங்கள் ஓரளவு எஞ்சும். எனினும் கொடையாளரின் வயது, பதப்படுத்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்து அதன் ஆற்றல் மாறுபடுவதால், ஒரு குப்பியின் பயனைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிட இயலாது.

லாரி ஹென்ச் 1969இல் உருவாக்கிய உயிர்வினைக் கண்ணாடி, மேற்பரப்பில் அபடைட் படலத்தைத் தானே தோற்றுவித்து எலும்போடு பிணைவது. ஆய்வகத்தில் மறுசேர்க்கை முறையில் பெறப்பட்ட எலும்பு உருவாக்கப் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் ஏற்றி மேல்தாடைக் காற்றறை உயர்த்தலுக்கும் பற்குழிக்கும் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007இல் ஏற்பளித்தது. இது தூண்டல் திறனுடைய பொருளே. ஆயினும் உயர்ந்த விலையும், வைத்த இடத்தில் உண்டாகும் மிகுந்த வீக்கமும் இதன் பயன்பாட்டைச் சுருக்கிவிட்டன. 2001இல் பிரெஞ்சு மருத்துவர் ஷூக்ரூன் குழுவினர் விவரித்த, நோயாளியின் இரத்தத்தையே சுழற்றிப் பெறும் ஃபைப்ரின் படலம் எளியது, மலிவானது. அது மென்திசு ஆறத் துணைநிற்கும். ஆனால் அதனை எலும்பு மாற்று என அழைப்பது மிகை.

பொருளே தேவைப்படாத குழிகள்

மேற்கண்ட பொருள்களின் சிறப்பை விரித்துரைக்கும் எழுத்துகள் பல. அவை தேவைப்படாத இடங்களைச் சுட்டும் எழுத்துகள் ஒப்பளவில் குறைவு. நீர்க்கட்டி அகற்றிய குழி இதற்குச் சிறந்த சான்று. ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ், கட்டியை முழுதும் அகற்றாமல் வாய்ப்பக்கம் திறந்துவிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் முறையை 1892இல் விவரித்தார். அழுத்தம் நீங்கியதும் சுற்றியுள்ள எலும்பு தானே வளர்ந்து குழியைச் சுருக்குகிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக எத்துகளும் இன்றிப் பயன் தரும் முறை இது. கட்டியை முழுதும் அகற்றிய பெரிய கீழ்த்தாடைக் குழிகள் எதனாலும் நிரப்பப்படாமலே எலும்பால் ஆறுவதை, தொடர்ச்சியான 27 நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களைக் கணினியால் அளந்து கியாபாஸ்கோ குழுவினர் 2000ஆம் ஆண்டில் காட்டினர். அவ்வாறு ஆறுவதற்கு இரண்டாண்டு வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. சுவர்கள் முழுமையாக உள்ள குழியில் துகள்கள் இடுவது எலும்பைக் கூடுதலாகத் தருவதைவிட, மறுநாள் படத்தில் மனநிறைவைத் தருவதே மிகுதி.

சில இடங்களில் துகள்கள் தீங்கும் விளைவிக்கலாம். கெரட்டின் நிறைந்த பல்சார் கட்டி மீண்டும் தோன்றும் இயல்புடையது. அதனால் அக்குழியைப் பல ஆண்டுகள் எக்ஸ்ரே கொண்டு கண்காணிக்க வேண்டும். கரையாத வெண்துகள்கள் அங்கு நிரம்பியிருப்பின், மீண்டும் முளைக்கும் சிறு கட்டியின் கருநிழல் கண்ணுக்குத் தெரியாமற்போகக்கூடும். கட்டியின் உறை சிறிது எஞ்சியிருந்தாலோ, சீழ் இருந்தாலோ, தையல் பிரிந்தாலோ துகள்கள் கிருமிகளுக்கு உறைவிடமாகின்றன. பின்னர் அவற்றைச் சுரண்டி எடுப்பது முதல் அறுவையைக் காட்டிலும் கடினம்.

பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுற்ற குழந்தைகளின் பல்மேட்டுப் பிளவு இன்னொரு பாடம். பாயினும் சாண்ட்ஸும் 1972இல் விவரித்த வழியில், பொதுவாக 9 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன் அப்பிளவு இடுப்பெலும்பின் மென்பகுதியால் நிரப்பப்படுகிறது. அங்கு வேண்டுவது எலும்பு மட்டுமன்று. அதன் ஊடாகப் பல் இறங்கிவர வேண்டும். உயிருள்ள எலும்பு பல்லுக்கு வழிவிடும். மெதுவாகக் கரையும் துகள் வழியடைக்கும். மேல்தாடைக் காற்றறையை உயர்த்தி இம்பிளான்ட் பொருத்துவதில் நிலைமை தலைகீழானது. அங்கு உயர்த்திய இடம் மீண்டும் தாழாமல் தாங்கி நிற்பதே தேவை. மாட்டெலும்புத் துகளின் கரையாமை அங்கு வரமாகிறது. ஒரே பண்பு ஓரிடத்தில் குறையாகவும் மற்றோரிடத்தில் நிறைவாகவும் விளங்குவதால், ‘சிறந்த மாற்றுப் பொருள் எது’ என்னும் வினாவுக்குக் குழியைக் காணாமல் விடை கூற இயலாது. முன்பற்களுக்குரிய மெல்லிய வெளிச்சுவரைக் காத்தல், சுவர் இழந்த மேட்டைச் சவ்வின் துணையுடன் மீட்டல் ஆகியவற்றில் இத்துகள்களின் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

புற்றுநோய்க்காகத் தாடையின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேரும்போது எந்தத் துகளும் போதாது. சுவரே இல்லாத அவ்விடத்திற்கு இரத்தக் குழாயோடு கூடிய எலும்பு தேவை. காலின் சிம்பு எலும்பை அதன் இரத்தக் குழாய்களுடன் எடுத்துக் கீழ்த்தாடையாக அமைக்கும் முறையை ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார். கதிர்வீச்சுப் பெற்ற தாடையும் இவ்வாறே. சுவர் இருந்தும் அதன் இரத்த ஓட்டம் குன்றியிருக்கும். பிஸ்பாஸ்பனேட் மருந்து பெறுவோரின் தாடை அறுவைக்குப் பின் ஆறாமல் எலும்பு வெளிப்பட்டு நிற்பதை மார்க்ஸ் 2003இல் சுட்டிக்காட்டினார். புற்றுநோய்க்காகவோ எலும்புத் தேய்வுக்காகவோ அம்மருந்து பெறுவோரிடம், குழியை எதனால் நிரப்புவது என்பதற்கு முன்பே அறுவை வேண்டுமா என்பது வினாவாகிறது.

தமிழில் பெயரும் ஒப்புதலும்

இப்பொருள்களை நோயாளிக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது என்பது மொழிச் சிக்கலும் ஆகும். ‘எலும்பு ஒட்டு’ என்னும் சொல் தோட்டக்கலையிலிருந்து வந்தது. ஒட்டுமாங்கன்றில் உயிருள்ள தண்டோடு உயிருள்ள கிளை இணைகிறது. தன்னெலும்புக்கு இச்சொல் நன்கு பொருந்தும். உயிரற்ற தாதுத் துகளுக்குப் பொருந்தாது. ‘எலும்பு மாற்று’ என்பதும் இடர் உடையது. சிறுநீரக மாற்று, மூட்டு மாற்று என்னும் வழக்குகளில், வைக்கப்படும் பொருளே இழந்த உறுப்பின் பணியை ஏற்கிறது. இத்துகளோ எலும்பின் பணியை ஏற்பதில்லை. எலும்பு வரும்வரை இடத்தைக் காக்கிறது. கட்டடத் தொழிலின் ‘சாரம்’ கருத்தளவில் நெருக்கமானது. ஆனால் ‘எலும்புச் சாரம்’ என்றால் கேட்பவர் மனத்தில் எலும்பிலிருந்து பிழிந்த சத்து என்ற பொருளே முதலில் தோன்றும்.

மயக்கம் மிகுந்த சொல் ‘செயற்கை எலும்பு’. டிரைகால்சியம் பாஸ்பேட்டுக்கு அது பொருந்தலாம். மாட்டெலும்புத் துகளையோ கொடையாளர் எலும்பையோ அச்சொல்லால் குறித்தால் அது பொய்யுரையாகிவிடும். துகளை மூடும் கொலாஜன் சவ்வு பன்றியின் திசுவிலிருந்தும் பெறப்படுகிறது. சமயத்தாலோ உணவு நெறியாலோ மாட்டையும் பன்றியையும் விலக்குவோர், தம் தாடையில் அவை இடப்பட்டதைப் பின்னர் அறிய நேர்ந்தால் அவ்வறுவை எக்ஸ்ரே அளவில் வெற்றியாயினும் அவர்களுக்கு அவ்வாறு அமையாது. மருந்தாகும்போது விலக்கில்லை எனக் கருதுவோரும் உளர். அம்முடிவு நோயாளிக்குரியது, மருத்துவர் அவர் சார்பில் எடுக்கத்தக்கதன்று. செய்யப்போகும் மருத்துவத்தின் இயல்பு, பயன், இடர், மாற்றுவழி ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்தபின் தரும் ஒப்புதலே உண்மையான ஒப்புதல் என இந்திய உச்சநீதிமன்றம் 2008இல் வழங்கிய தீர்ப்பு கூறுகிறது. உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம், மனிதத் திசுக்களையும் அதன் வரம்புக்குள் கொணர்ந்தது.

இந்நிலையில் ‘எலும்பு வளர்வதற்கான தாங்குபொருள்’ என்னும் விளக்கத் தொடரும், அதன் சுருக்கமாகத் ‘தாங்குபொருள்’ என்னும் சொல்லும் ஏற்புடையவை எனலாம். மூலத்தை முன்னொட்டாக்கினால் கனிமத் தாங்குபொருள், மாட்டெலும்புத் தாங்குபொருள், மனித எலும்புத் தாங்குபொருள் எனப் பெயரே செய்தியைச் சொல்லிவிடும். சொற்கள் சற்று நீண்டவை. ‘மாட்டெலும்பு’ என்று உரைக்க மருத்துவர் தயங்கவும் கூடும். அத்தயக்கம் எழும் இடத்தில்தான் நோயாளிக்கு அச்செய்தி தேவைப்படுகிறது.

ஒப்புதல் படிவத்தில் இப்பெயரோடு வேறு மூன்று செய்திகள் எளிய தமிழில் இடம்பெறுதல் வேண்டும்: பொருள் இடாமல் விட்டால் குழி ஆறுமா, ஆறுமாயின் எவ்வளவு காலம் ஆகும், இடப்படும் பொருள் கரையுமா, நிலைத்திருக்குமா, அதற்கெனத் தனியே ஆகும் செலவு எவ்வளவு. அறுவைக்குப் பின் தரப்படும் குறிப்பில் பொருளின் பெயர், மூலம், தொகுதி எண், இட்ட நாள் ஆகியவை எழுதப்பட வேண்டும். பத்தாண்டுகள் கழித்து வேறோர் ஊரில் வேறொரு பல் மருத்துவர் எடுக்கும் படத்தில் அவ்வெண்மணிகள் தெரியும். அவை நோயா, பழைய அறுவையின் எச்சமா என்று அவர் அறிவதற்கு அக்குறிப்பேட்டைத் தவிர வேறு துணை இராது.